தெரியும், எழுந்திருக்கத்தான் முடியவில்லை



ஆன்லைன் ஆரோக்கிய உணவு வகுப்புகளைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு நோட்டு. என் பெரியம்மா மகளுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கணவரை இழந்தவர். அந்த வருஷக் கடைசியில், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பணம் கட்டி ஆறு வார உணவு வகுப்பு ஒன்றில் அம்மாவைச் சேர்த்துவிட்டான். சாப்பாடு சரியானால் அம்மா சரியாகிவிடுவாள் என்று நம்பினான்.

நான் பார்க்கப் போனபோது அக்கா அந்த நோட்டைக் காட்டினார். தலைப்புகளுக்கெல்லாம் சிவப்பு மை, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. நார்ச்சத்து எதில் இருக்கிறது, ஒமேகா 3 எதில் இருக்கிறது, பச்சைப்பயறு எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், எல்லாம் குண்டு குண்டாக, பிழையில்லாமல். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவார். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனேன். அடுப்பின் பர்னர்மேல் தூசி படிந்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் சுடவைக்கும் எலெக்ட்ரிக் கெட்டில், டீத்தூள் டப்பா, பாதி பிரித்த ரஸ்க் பாக்கெட். அவ்வளவுதான்.

"என்னக்கா இது?" என்றேன்.

"எல்லாம் தெரியும்டி. எழுந்திருக்கத்தான் முடியல."

நான் உணவியல் படித்தவள். பதினெட்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. பொதுமுடக்கக் காலத்திலிருந்து நானும் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். மகன் பணம் கட்டிய வகுப்பு என்னுடையது இல்லை. ஆனாலும் என்னுடையதும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. திரையில் படங்கள், பட்டியல்கள், முடிவில் கேள்வி நேரம். அக்கா சொன்ன பதிலுக்கு அதில் இடமே இல்லை.

நம் பேச்சு வழக்கைக் கவனியுங்கள். துக்கம் வந்தால் 'சோறு இறங்கவில்லை' என்கிறோம். கவலைப்படுகிறவரைப் பார்த்து 'ஒரு வாய் சாப்பிடு' என்கிறோம். மனதும் வயிறும் ஒட்டிப் பிறந்தவை என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் அந்த 'ஒரு வாய் சாப்பிடு' என்ற பேச்சில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்கிறவர் கையில் தட்டோடு நிற்கிறார். என் பேச்சு முழுக்க அந்தத் தட்டைப் பற்றித்தான்.

உணவை மாற்றினால் மனச்சோர்வு குறையுமா என்று முதன்முதலில் நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் பேர்பெற்றது ஆஸ்திரேலியாவில் நடந்தது. டீக்கின் பல்கலைக்கழகத்தின் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையிலான குழு செய்தது. 'ஸ்மைல்ஸ்' என்று பெயர். 2017-இல் முடிவுகள் வெளியாயின. நடுத்தர அளவிலிருந்து கடுமையான அளவுவரை மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 33 பேரோடு ஓர் உணவியலாளர் 12 வாரத்தில் ஏழு முறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வீதம் உட்கார்ந்து பேசினார். முழுத்தானியம், காய், பழம், பருப்பு, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் என்று மத்தியதரைக்கடல் பக்கத்து உணவுமுறை. எடை குறைக்கும் பேச்சே கிடையாது. வயிறு நிறையச் சாப்பிடலாம். மற்ற 34 பேருக்கும் அதே எண்ணிக்கையில், அதே நேர அளவில் ஒருவர் வந்து பேச்சுத்துணையாக இருந்தார். கிரிக்கெட்டோ சினிமாவோ, அவரவருக்குப் பிடித்ததைப் பேசலாம். பேசப் பிடிக்காதவரோடு சீட்டு விளையாடலாம். உணவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

12 வாரம் கழித்து, உணவுக் குழுவில் 32 சதவீதம் பேர் நோயின் எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள். பேச்சுத்துணைக் குழுவில் 8 சதவீதம்.

இந்த 32-ஐ மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு 'உணவே மனநல மருந்து' என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த 67 பேரில் 55 பேர் ஏற்கெனவே மாத்திரையோ உளவியல் சிகிச்சையோ இரண்டுமோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சிகிச்சையோடு உணவையும் சேர்த்துக்கொண்டார்களே ஒழிய, சிகிச்சையை நிறுத்திவிட்டுச் சாப்பிடவில்லை. அடுத்தது, 176 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். கிடைத்தவர்கள் 67 பேர்தான். சின்ன ஆய்வு. இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். கீரையையும் மீனையும் சாப்பிடுகிறவருக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் எப்படி மறைப்பது? நல்லதைச் சாப்பிடுகிறோம், நமக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும் அந்த 32-க்குள் கலந்துதான் இருக்கும். அதற்காக அந்த ஆய்வை நான் ஒதுக்கமாட்டேன். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறொரு கணக்கு: உணவுக் குழுவில் 33 பேரில் 31 பேர் கடைசிவரை வந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் எதையும் முடிக்கமாட்டார்கள் என்று நாம் நினைக்கிறோமே, அவர்களில் 31 பேர்.

இனி ஆன்லைன் வகுப்புகளின் பக்கம் வருகிறேன். 2017-18-இல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த இணைய வகுப்புகளில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். அது உணவு வகுப்புகளின் கணக்கு இல்லை, எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து. சேர்ந்தவர்களில் பலர் எட்டிப்பார்க்க வந்தவர்களாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்த 33-க்கு 31-ஐயும் இந்த நூற்றுக்கு 3-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் ஆள் ஒரு வகுப்பைப் பாதியில் விட்டால் மறந்துவிடுவார். மனச்சோர்வில் இருப்பவர் மறக்கமாட்டார். 'இதைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை' என்று அதையும் தன் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொள்வார். உதவிக்கென்று வந்த வகுப்பே இன்னொரு பாரமாக அவர் தலையில் ஏறிக்கொள்ளும்.

அப்படியென்றால் திரைவழியாக எதுவும் நடக்காதா? நடக்கும். அதற்கும் ஆஸ்திரேலியாவிலேயே சாட்சி இருக்கிறது. சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஹெதர் ஃபிரான்சிஸ் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. 17 முதல் 35 வயதுக்குட்பட்ட 76 இளைஞர்கள். மனச்சோர்வு அறிகுறிகள் அதிகம், சாப்பாட்டுப் பழக்கமும் மோசம். பாதிப்பேருக்கு உணவியலாளர் பேசும் 13 நிமிஷ வீடியோ ஒன்றைக் காட்டினார்கள். வேண்டும்போது மறுபடி பார்த்துக்கொள்ளலாம். மீதிப்பேர் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். மூன்றே வாரத்தில் முதல் குழுவின் மனச்சோர்வு மதிப்பெண் சாதாரண அளவுக்கு இறங்கியது. மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

பதின்மூன்று நிமிஷ வீடியோ! கேட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பிறகு கட்டுரையை நிதானமாகப் படித்தேன். வீடியோவோடு ஒரு பையையும் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆலிவ் எண்ணெய், வாதுமை, வால்நட், கொட்டைகளை அரைத்த வெண்ணெய், பூசணி விதை, சூரியகாந்தி விதை. கூடவே பட்டையும் மஞ்சளும். ஆமாம், நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற அதே பட்டையும் மஞ்சளும்தான். கடைக்குப் போய் வாங்கிய ரசீதைக் காட்டினால் 60 டாலர்வரை திருப்பித் தந்திருக்கிறார்கள். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் ஆளுக்கொரு முறை ஐந்து நிமிஷம் போன் செய்து 'எப்படிப் போகிறது?' என்று கேட்டிருக்கிறார்கள். வீடியோ மட்டும் பேசவில்லை என்று புரிகிறதல்லவா? பையும் பேசியது, போனும் பேசியது. நம் ஊரில் வீடியோவை விற்கிறவர்கள் அந்தப் பையையும் போனையும் விட்டுவிட்டு விற்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு இதைவிடப் பெரியது, நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. அட்ரியன் ஓ'நீல் குழுவினர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கொரோனாக் காலத்தில் நடத்தி, 2024-இல் வெளியிட்டது. 182 பேர். எல்லாமே வீடியோ அழைப்பில், குழுவாக, எட்டு வாரத்தில் ஆறு அமர்வுகள். ஒரு பக்கம் உணவியலாளரும் உடற்பயிற்சி வல்லுநரும் சேர்ந்து நடத்தினார்கள். இன்னொரு பக்கம் உளவியலாளர்கள் நடத்தும், பல ஆண்டுகளாகப் பலன் நிரூபிக்கப்பட்ட சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. உணவு-உடற்பயிற்சிப் பக்கம் மனச்சோர்வு அறிகுறிகள் 42 சதவீதம் குறைந்தன. உளவியல் பக்கம் 37 சதவீதம். உணவு ஜெயித்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்றுக்கொன்று குறைவில்லை என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டப் பார்த்தது; அதைக் காட்டியது. உணவால் எவ்வளவு, உடற்பயிற்சியால் எவ்வளவு, அமர்வுதோறும் மற்றவர் முகத்தைப் பார்த்ததால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் உளவியலாளர் கிடைக்காத ஊரில், உயிருள்ள ஓர் உணவியலாளர் திரைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நடத்தும் குழு வகுப்பை அலட்சியப்படுத்த முடியாது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

நம் நாட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். கூச்சம் இன்னொரு காரணம். 'மனநல டாக்டரிடம் போகிறேன்' என்று எதிர்வீட்டில் சொல்ல முடியாத ஒரு பெண், 'டயட் கிளாஸ் சேர்ந்திருக்கேன்' என்று தாராளமாகச் சொல்வாள். மாமியார் முன்னாலேயே போனைத் திறந்துவைத்துக் கேட்பாள். யாரும் முணுமுணுக்காத வாசல் அது. அந்த வாசல் வழியாக வருகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே எதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்பதை நடத்துகிற நாங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

தோல்வியையும் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் நான் உங்களிடம் வியாபாரம் செய்வதாகிவிடும். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் 1,025 பேரைச் சேர்த்து 'மூட்ஃபுட்' என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். எடை கூடியவர்கள், மனச்சோர்வு அறிகுறிகள் லேசாக உண்டு, நோயாக முற்றவில்லை. ஒமேகா 3, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, செலினியம் எல்லாம் அடங்கிய சத்து மாத்திரைகளைச் சிலருக்கு ஓர் ஆண்டு கொடுத்தார்கள், சிலருக்கு உணவுப் பழக்கத்தை மாற்றும் அமர்வுகள், சிலருக்கு இரண்டும், மீதிப்பேருக்குப் போலி மாத்திரை. 2019-இல் வந்த முடிவு: மாத்திரையும் மனச்சோர்வு நோயைத் தடுக்கவில்லை, அமர்வுகளும் தடுக்கவில்லை. இது வருமுன் தடுப்பதைப் பற்றியது, வந்ததைத் தணிப்பது வேறு. என்றாலும், மனதுக்கு நல்லது என்று சொல்லி டப்பா டப்பாவாகச் சத்து மாத்திரை விற்கும் வகுப்புகளில் சேர்ந்திருப்பவர்கள் இந்த முடிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உணவு எப்படி மூளைக்குப் போகிறது என்று கேட்பீர்கள். உடலுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், ரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கம் என்று பல பாதைகளைச் சொல்கிறார்கள். எதுவும் இன்னும் தீர்ப்பாகவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, இந்த மூன்றும் மனச்சோர்வைப் போலவே வேஷம் போடும். சில சமயம் மனச்சோர்வோடு கைகோத்தும் வரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. படி ஏறினால் மூச்சிரைக்கிறது, எதிலும் நாட்டமில்லை, எழுந்திருக்க முடியவில்லை என்கிற பெண்ணுக்கு வகுப்பு அப்புறம். முதலில் ரத்தப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு விரல்நுனி ரத்தத்தில் தெரிந்துவிடுகிற ரத்தசோகைக்கு ஆறு வார வகுப்பில் பணம் கட்ட வேண்டாம்.

மனச்சோர்வை அளக்கும் அளவுகோலைப் பற்றியும் ஒரு சொல். இந்த வகுப்புகள் பலவற்றில் சேர்ந்தவுடன் ஒன்பது கேள்விகள் வரும். பி.எச்.கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வின் ஒவ்வோர் அறிகுறியும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதில் ஐந்தாவது கேள்வியே சாப்பாட்டைப் பற்றியது, பசியில்லாமையா, அளவுமீறித் தின்பதா என்று. ஆகவே வகுப்பின் முடிவில் மதிப்பெண் இறங்கினால், எந்தக் கேள்வியில் இறங்கியது என்று பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பைப் பற்றியது. அந்தக் கேள்வியை ஒரு படிவமாகப் போட்டுவிட்டு, வந்த பதிலை யாரும் படிக்காமல், தானாகப் போகும் மின்னஞ்சலில் 'நன்றி, உங்கள் முதல் பாடம் நாளை' என்று அனுப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, யோசிக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டால் படிக்க வேண்டும். படித்தால் அன்றைக்கே கூப்பிட வேண்டும். கூப்பிட ஆளில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம். ஒவ்வொரு உணவு வகுப்பின் முதல் பக்கத்திலும் அந்த ஐந்து இலக்கங்கள் இருக்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

என் மனதை ரொம்பவும் தொட்ட ஆய்வைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதுவும் ஆஸ்திரேலியாதான். சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் பெயரில் நடக்கும் ஒரு சமையல் பயிற்சி, ஒரு வண்டியிலேயே சமையலறை அமைத்து நடந்தது. ஏழு வாரம். பெர்த் நகரின் எடித் கோவன் பல்கலைக்கழகம் அதில் கலந்துகொண்ட 657 பேரை ஆராய்ந்து 2022-இல் எழுதியது. சமைக்கும் தன்னம்பிக்கை கூடியது. மனநலம் மேம்பட்டது, உயிர்ப்பு கூடியது. ஆனால் அவர்கள் சாப்பிட்ட உணவில் பெரிய மாற்றம் தென்படவில்லை! சாப்பாடு அப்படியே இருக்க, மனது மட்டும் லேசானது எப்படி? வெங்காயம் நறுக்கினார்கள். தாளித்தார்கள். 'என்னால் முடிந்தது' என்று ஒரு பாத்திரத்தைத் திறந்து காட்டினார்கள். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையில் இப்படி ஒரு முறை உண்டு: உற்சாகம் வந்தபின் செய்யலாம் என்று காத்திராமல், சின்னதாக ஒன்றைச் செய்யவைப்பது, செய்தால் உற்சாகம் பின்னால் வரும். நம் அடுப்படியைவிட அதற்கு நல்ல இடம் ஏது?

அதனால் என் வகுப்பை மாற்றினேன். நான் செய்வது ஆராய்ச்சி இல்லை, என் அனுபவம்தான், அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முதல் வாரம் எல்லோருக்கும் கொரியரில் ஒரு துணிப்பை போகும்: பச்சைப்பயறு, நிலக்கடலை, கேழ்வரகு மாவு, எள். அந்த ஆய்வுகளில் சோதித்தது ஆலிவ் எண்ணெயும் வால்நட்டும். நம் கேழ்வரகை அவற்றில் யாரும் சோதிக்கவில்லை. ஆனால் முழுத்தானியம், பயறு, கொட்டை, கீரை, மத்தி மீன் என்ற அமைப்பு நமக்கு அந்நியமானதா என்ன? எடை பார்க்கச் சொல்வதில்லை. முன்-பின் போட்டோ கிடையாது. 'நீங்கள் இதைச் சாப்பிட்டதால்தான் இப்படி ஆனீர்கள்' என்ற வாக்கியம் என் வகுப்பில் வரவே கூடாது. ஏற்கெனவே தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் இன்னொரு குற்றத்தை நீட்டுவது பாவம். முதல் பத்து நிமிஷம் நான் பேசுவதில்லை. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டு, எல்லோரும் அடுப்பில் தண்ணீர் வைக்க வேண்டும். முடியாதவர் சமையலறை ஜன்னலை மட்டும் திறந்தால் போதும். வாரம் ஒருமுறை ஆளுக்கு ஐந்து நிமிஷம் நானே போன் செய்வேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று அந்தப் போனில் மறுபடி மறுபடி சொல்வேன்.

ஒரு குழுவில் ஒருவர் மூன்று வாரம் கேமராவைத் திறக்கவில்லை, பேசவும் இல்லை. நான்காம் வாரம் அவருடைய கறுப்புக் கட்டத்திலிருந்து குக்கர் விசில் கேட்டது. ஒரு விசில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை; எல்லோரும் கேட்டோம்.

அக்கா என் வகுப்பில் சேரவில்லை. 'நீ நடத்தினா நான் உன்ன சோதிக்கிற மாதிரி இருக்கும்' என்றார், ஆசிரியை அல்லவா? முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை ஆரம்பித்தார்கள். பி12-உம் குறைவாக இருந்தது, அதற்கு ஊசி. சில மாதம் எதுவும் நகரவில்லை. நான் செய்ததெல்லாம், சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு, நான் என் வீட்டில் சமைத்துக்கொண்டே பேசியதுதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் அந்த நாற்காலி சமையலறைக்கு வந்தது. ஒரு நாள் அடுப்பைத் துடைத்தார்.

பிறகு ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"ஏண்டி, பச்சைப்பயறு சுண்டலுக்கு எத்தன மணி நேரம் ஊறணும்?"

நோட்டில் அவரே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதிவைத்திருந்ததுதான். நான் அதைச் சொல்லவில்லை.

"இப்பவே ஊறப்போட்டுருங்கக்கா. காலைல நான் கூப்பிடுறேன்" என்றேன்.